இரண்டு வாளித் தண்ணீரும் அஞ்சு மீட்டர் பாயும்

வாசல் கட்டை கிறீச் என்றது. "எழுபத்தாறு" என்றாள் அத்தை. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வந்தவர் இஸ்திரி கலையாத கால்சட்டை போட்டிருந்தார். பின்னாலேயே மனைவியும் வந்தார். "எழுபதுங்க" என்று கணவர் திருத்தினார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அத்தை மேஜைக்கு அடியில் கிடந்த எடை மெஷினைக் காலாலேயே அவர் பக்கம் நகர்த்திவிட்டாள். ஏறினார். முள் எழுபத்தாறரையில் போய் நின்றது. "அரை கிலோ செருப்பு" என்றாள் அத்தை.

அவள் கொட்டகைக்கு வருகிற எல்லோருக்கும் இதுதான் வரவேற்பு. வாசலில் கிடக்கும் அந்த மரக்கட்டை பதினைந்து வருஷமாக உப்புக் காற்றில் ஊறிப்போய், ஆளுக்கு ஒரு சத்தம் போடும். சத்தத்தை வைத்தே எடையைச் சொல்லிவிடுவாள். ஒரு தடவை மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆம்பிளை நடையில் பொத்துப் பொத்தென்று ஏறிப் பார்த்தேன். "நீ நாப்பத்தெட்டு, மூட்டை இருபது. எடுத்த இடத்துலயே கொட்டிட்டு வா" என்றாள். அதோடு அந்த ஆராய்ச்சியை நான் கைவிட்டேன்.

எடை எதற்கு என்றால், அத்தை விற்பதும் வாடகைக்கு விடுவதும் பாய்ப்பலகை. நிற்க ஒரு பலகை, அதில் செருகிய மாஸ்ட் என்கிற கம்பம், மாஸ்ட்டில் ஒரு பாய், பிடித்துத் தொங்குவதற்குக் குறுக்கே வளைந்த ஒரு பூம். எஞ்சின் இல்லை, உட்கார இடம் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் திட்டுவதற்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. பாயைச் சதுர மீட்டரில் சொல்வார்கள், பலகையை லிட்டரில். ஆளின் எடையைப் பார்த்து, காற்றைப் பார்த்து, போகிற இடத்தைப் பார்த்து இரண்டையும் எடுக்க வேண்டும். கல்தடுப்புக்கு உள்ளே இருக்கிற சாதுவான தண்ணீரில் எதை எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், விழுந்தால் இடுப்பளவு. தடுப்பைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால்தான் அத்தை கையில் இருப்பதைக் கீழே வைப்பாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம், வெயில் கண்ணாடி மறைத்த இடம் இன்னொரு நிறம். பக்கத்தில் போனால் பலகை ஒட்டும் பசை வாசனை வரும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் வரும். மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பாள், ஸ்க்ரூ டப்பாவில் மூக்குக் கண்ணாடி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் பெரிய பாய்ப்பை ஒன்றை உத்தரத்தில் கட்டி, அதற்குள் அரை மணி நேரம் தூங்குவாள். குதிகால் மட்டும் வெளியே தெரியும். அந்தக் குதிகாலில் ஒரு நாள் ஆட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டு, சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன். அரை மணி நேரமும் மணி ஒரு தரம்கூட அடிக்கவில்லை. தூக்கத்தில்கூட வீணாக அசையாத மனுஷி.

கரையில் அவளுக்குக் 'குறைச்சல்' என்று பெயர். வைத்தது நான்தான் என்று ஒரு வதந்தி உண்டு. வதந்தி உண்மை. யார் எந்தப் பாயைக் கேட்டாலும் "இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பாள். ஏழு கேட்டால் ஆறு, ஆறு கேட்டால் அஞ்சு. லாபம் பார்க்கிற எந்தக் கடைக்காரியும் இப்படிச் செய்வதில்லை. பாய் பெரிதாகப் பெரிதாக விலையும் கூடும். பெயர் அவள் காதுக்கும் போயிற்று. "சரியாத்தான் வெச்சிருக்கே" என்று மட்டும் சொன்னாள். இப்படி ஒரு பதில் வந்தால் பட்டப்பெயர் வைத்தவருக்கு என்ன மரியாதை இருக்கிறது?

சில பேர் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் யாரோ ஒரு வெளிநாட்டு வீரன் சின்னஞ்சிறு பலகையில் மலை மாதிரி அலையில் பறந்துகொண்டிருப்பான். அதே பலகைதான் வேண்டும் என்பார்கள். அத்தை படத்தைப் பொறுமையாகக் கடைசிவரை பார்ப்பாள். பார்த்துவிட்டு, "காத்து நின்னு போனப்புறம் இவன் என்ன பண்றான்னு ஒரு படம் இருக்கா?" என்று கேட்பாள். அப்படி ஒரு படம் யாரும் எடுப்பதில்லை. சின்னப் பலகை வேகத்தில்தான் மிதக்கும். காற்று நின்றால் ஆளோடு அமிழ்ந்துவிடும். வெளிக்கடலுக்கு என்றால், சும்மா நின்றாலும் ஆளைத் தாங்குகிற பலகையாக இருக்க வேண்டும். ஆள் எடையோடு இன்னொரு நாற்பது லிட்டர் கூட்டிக்கொள் என்பது அவள் கணக்கு. கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டே வந்த எனக்கே இது புரிகிறது, படித்தவர்களுக்குப் புரிவதில்லை.

நிறத்திலும் அவளுக்கு ஒரு பிடிவாதம். நீலப் பாயும் வெள்ளைப் பாயும் அவள் கொட்டகையில் கிடையாது. கண்ணாடி மாதிரி உள்ளே வெளியே தெரிகிற பாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாமே ஆரஞ்சு, இல்லாவிட்டால் கண்ணைக் குத்துகிற மஞ்சள். நல்ல டிசைன் இல்லையா என்று கேட்ட ஒருவரிடம், "உங்களைத் தேடி வர்றவனுக்கு இதுதாங்க நல்ல டிசைன்" என்றாள். மீன் துடுப்பு மாதிரி பலகைக்கு அடியில் செருகுகிற ஃபின்னும் அப்படித்தான். வேகத்துக்கான நீளக் கத்தி ஃபின்னைத் தரமாட்டாள். பின்னால் சாய்ந்த குட்டை ஃபின்தான். வெளியே மிதக்கிற பாசி, வலை, பிளாஸ்டிக் பை எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மாஸ்ட்டையும் பலகையையும் சேர்க்கிற ரப்பர் இணைப்பை மடித்து, காதோரம் வைத்துக் கேட்பாள். என்ன கேட்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் கேக்கலை. கேட்டாத்தான் கஷ்டம்" என்பாள்.

பாய்களின் அடி மூலையில் சட்டைப் பட்டன்கள் தைத்திருக்கும். நாலு மீட்டருக்கு இரண்டு பட்டன், நாலரைக்கு மூன்று, அஞ்சுக்கு நாலு, இப்படியே போகும். இந்த ஏற்பாட்டுக்கு நான்தான் காரணம். பைகளில் ஒட்டியிருந்த அளவு ஸ்டிக்கர்களை ஒரு விடுமுறை நாளில் மாற்றி மாற்றி ஒட்டிவைத்தேன். அத்தை ஒரு பாயைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து, ஈரத்தில் விரலுக்குத் தெரிகிற மாதிரி எல்லாப் பாயிலும் பட்டன் தைத்தாள். பட்டன்கள் என் பள்ளிச் சட்டைகளிலிருந்து வெட்டியவை. "உனக்கு இனிமே வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவை சும்மா பெட்டியில் கிடப்பதற்குக் கடலுக்குப் போய் வருவது மேல் என்று எனக்கும் தோன்றியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வாளியைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய். அங்கிருந்து நாற்பது தப்படி தள்ளி ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். சாமான்களின் உப்பைக் கழுவுவதற்கு. வெளிக்கடலுக்குப் பாய் வேண்டும் என்று யார் வந்தாலும், அவர் கையில் இரண்டு வாளியைக் கொடுப்பாள். குழாய்க்கும் பீப்பாய்க்கும் பத்து நடை. நிறைந்துவிட்டால் பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கிக் காலி செய்துவிட்டு, மீதி நடையை நடக்கச் சொல்வாள். அதன்பிறகு தண்ணீருக்குக் கூட்டிப்போய், மூழ்கிக் கிடக்கிற பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்கச் சொல்வாள். ஏழு தூக்குகிறவர் ஆறைக்கூட அசைக்க முடியாமல் நிற்பார். அஞ்சரை வரும். அதுதான் அவர் பாய்.

"கை நல்லா இருக்கும்போது எல்லாப் பாயும் வரும். நடுங்கும்போது எது வருதோ அதை எடுத்துட்டுப் போங்க" என்பாள். ஆள் வைத்துத் தண்ணீர் நிரப்பக் கஞ்சப்பட்டு இப்படி ஒரு தந்திரம் செய்கிறாள் என்று கரையில் பேச்சு உண்டு. பீப்பாய் நிரப்புவது அதற்கு முன்னால் என் வேலையாக இருந்ததால், நான் இந்தப் பரிசோதனையின் தீவிர ஆதரவாளர்.

பரிசோதனை எங்கிருந்து வந்தது என்பதை அவள் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. தடுப்புக்கு வெளியே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி விளக்குப் பாறை இருக்கிறது. அத்தை மூன்று தடவை பாறையைச் சுற்றி வந்தவள். மூன்றாவது தடவை, திரும்பும்போது காற்று நின்று, பாய் விழுந்து, காற்று மறுபடி வந்தபோது பாயைத் தூக்கக் கையில் பலம் இல்லை. ஆறரை மீட்டர் பாய். பதினோரு தடவை இழுத்துப் பார்த்தாள் என்று, அவள் வாயால் கேட்ட பாதுகாப்புப் படகுக்காரர் சொல்வார். கடைசியில் பாயைச் சுருட்டிப் பலகைமேல் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கையாலேயே நாலு மணி நேரம் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தாள். அவளிடம் கேட்டால் இவ்வளவுதான் வரும்: "போனேன், வந்தேன். கரைக்கு வந்தப்புறம் பாட்டில் மூடிதான் திறக்க வரலை."

வாளி தூக்க மாட்டேன் என்று இதுவரை ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அவர் அவளுடைய தம்பி. அதாவது என் அப்பா.

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்புக்கு உள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருந்தவர். வருஷத்துக்கு ஒரு நாள், பாதுகாப்புப் படகைக் கூட வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் சேர்ந்து விளக்குப் பாறையைச் சுற்றி வருவார்கள். இந்த வருஷம் அப்பாவும் பெயர் கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யப் போகிற வீட்டிலெல்லாம் ஜன்னலைத் திறந்து, "அதோ தெரியுதே, அந்தப் பாறைக்குத்தான் போறேன்" என்று காட்டுவார். கடல் தெரியாத வீடுகளிலும் காட்டியிருக்கிறார்.

அவர் கொட்டகைக்கு வந்தபோது கட்டை கிறீச்சிட்டது. "எண்பத்தொண்ணு. வாளி பின்னாடி இருக்கு" என்றாள் அத்தை.

அப்பாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. நானும் இருந்தேன், உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஜிம்காரரும் இருந்தார். தினம் நாலு ஃபிரிட்ஜை மாடிக்குத் தூக்குகிறவனிடம் வாளியா என்று அப்பா கேட்டார். "ஃபிரிட்ஜ் காத்துல திரும்பாதுடா" என்றாள் அத்தை. சரி, வாளி இல்லாமலேயே என்ன தருவாய் சொல்லு என்றார். அஞ்சு என்றாள். பாறைக்குப் பெயர் கொடுத்திருந்த ஜிம்காரர் எடுத்து வைத்திருப்பது ஆறரை. அவர் அதை அத்தையிடம் எடுக்கவில்லை. கரையின் அந்தக் கோடியில் இருக்கிற கடையில் எடுத்திருந்தார்.

வெளியே போய்க் கையைத் தூக்கிக் காற்றைப் பார்த்துவிட்டு அப்பா திரும்பி வந்தார். இந்தக் காற்றுக்கு அஞ்சு மீட்டர் எடுத்தால் நகரவே நகராது, எல்லோரும் போனபிறகு தான் மட்டும் நடுவில் மிதக்க வேண்டும் என்றார். இந்தக் கரையில் பழகினவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. கல்தடுப்பும் அதற்குமேல் இருக்கிற சரக்குக் கிடங்குகளும் காற்றைப் பாதியாக்கித்தான் கரைக்கு அனுப்பும். இங்கேயே கற்றவர்களுக்கு அந்தப் பாதிதான் காற்று. மீதிப் பாதி தடுப்பின் மூலையில் நிற்கிறது. அத்தை கரைக் காற்றைப் பார்ப்பதே இல்லை. கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்ப்பாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தால் சரி. ரம்பப் பல் மாதிரி தெரிந்தால் வெளியே அலை எழும்புகிறது என்று அர்த்தம்.

ஒரு எண்ணை ஒரு தடவைதான் சொல்வது அத்தையின் வழக்கம். மறுபடி சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அப்பாவுக்கு ஏறிவிட்டது.

"உனக்கு ஒரு தடவை பாட்டில் மூடி திறக்க வரலைன்னா, அதுக்காக இந்தக் கரையில யாருமே தண்ணி குடிக்கக் கூடாதாக்கா?" என்றார்.

ஜிம்காரர் சிரிக்கப்போய், பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார். அத்தை மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூட்டில் போட்டாள். அதில் ஒன்று அவளுடைய கம்மல். அன்று சாயங்காலம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா அந்தக் கோடிக் கடையிலேயே ஆறரை மீட்டர் பாயை எடுத்து வந்தார். நீலமும் வெள்ளையும் கலந்து, உள்ளே வெளியே தெரிகிற பாய். அதன்பிறகு ஐந்து நாள் அக்காவும் தம்பியும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உங்கள் அத்தையிடம் சொல், என் பழைய ஹார்னஸை அனுப்பச் சொல் என்பார் அப்பா. இடுப்பில் கட்டிப் பூமில் கொக்கி மாட்டிக்கொள்கிற பெல்ட் அது, முதுகுப் பக்கம் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை இருக்கும். அத்தை அதைத் தைத்துத் துடைத்து அனுப்பினாள். கூடவே எனக்கு ஒரு கேள்வி: "எண்பத்தொண்ணுலயேதான் இருக்கானான்னு பாத்துச் சொல்லு. கேக்காதே, பாரு."

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே அத்தை குந்தியிருந்தாள். அம்மா வெளியே போயிருந்தாள், அப்பா வேலையில் இருந்தார். அப்பாவின் நீளப் பை திறந்து கிடந்தது. நீலப் பாயும் அதன் மாஸ்ட்டும் வெளியே ஒரு போர்வையில் சுற்றிக் கிடந்தன. ஆரஞ்சுப் பாயும் குட்டை மாஸ்ட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஹார்னஸின் பையிலும் கையை விட்டு ஏதோ செய்தாள்.

என்ன அத்தை என்று கேட்டேன்.

"காத்தாடட்டும்னு எடுத்து வெச்சேன்" என்றாள்.

இத்தனை மோசமான பொய்யை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் எனக்கு வருத்தமாகவே இருந்தது. அவள் போனபிறகு போய்ப் பார்த்தால், பை வைத்திருந்த திசையே தப்பு. அப்பா ஜிப்பை எப்போதும் சுவர்ப் பக்கம் வைப்பார், கடைசி இரண்டு விரல் நீளத்தை மூடாமல் விடுவார். நான் சரிசெய்துவிட்டு, தரையில் விழுந்திருந்த மணலையும் கூட்டினேன். தெருவில் அத்தை ஆளுயரப் போர்வை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தாள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று யாராவது போலீசைக் கூப்பிட்டிருந்தாலும் தப்பு சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கரையில் அப்பா பையைத் திறந்தார். ஆரஞ்சு நிறம் வெளியே வந்தது. அடி மூலையில் நாலு பட்டன்.  ஜிம்காரர், வியர்வை துடைக்கக் கைக்குட்டை கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். ஐந்து பேர் சிரித்தார்கள்.

அப்பா என்னைத்தான் பார்த்தார். இது வழக்கம்தான், எங்கள் வீட்டில் இட்ட பொருள் இடம் மாறினால் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். கொட்டகை வாசலில் அத்தை வாயைத் திறந்தாள். அவள் உண்மையைத்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். அக்காவின் வேலை என்று தெரிந்தால் அப்பா வீம்புக்கு அந்தக் கடைக்காரரை எழுப்பியாவது ஆறரையை எடுத்துக்கொண்டுதான் போவார். பிள்ளையின் சேட்டை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நான்தாம்ப்பா. சும்மா விளையாட்டுக்கு" என்றேன்.

அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது. படகின் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். அவர் பாயைக் கட்டினார், ஹார்னஸை இடுப்பில் மாட்டினார், திரும்பிப் பார்க்காமல் போனார். அத்தை வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரம்பம்.

அன்று அத்தை கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பாயில் ஒட்டுப் போட்டாள். ஒன்பது மணிக்குப் போட்ட ஒட்டைப் பத்து மணிக்குப் பிரித்தாள். கிழிசல் வேறு இடத்தில் இருந்தது. நான் வேறு வேலை இல்லாமல் வாளியை எடுத்துப் பீப்பாயை நிரப்பினேன். யாரும் சொல்லாமல் அதை நான் நிரப்பியது அதுவே முதல் தடவை. அத்தை அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினொன்றரைக்கு வாசல் கட்டை கிறீச்சிட்டது.

"எண்பத்தொண்ணு" என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள்.

கூரியர் கொண்டு வருகிற பெண் நின்றிருந்தாள். என்னைவிட ஒல்லி. கையெழுத்துப் போடுகிற தாளை நீட்டினாள். பதினைந்து வருஷத்தில் அத்தை சொன்ன ஒரே தப்பான எடை அது. நான் சிரிக்க வேண்டிய இடம், சிரிப்பு வரவில்லை. அத்தை கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியைத் திருப்பி மூட மறந்து அப்படியே கொடுத்தாள்.

பன்னிரண்டரைக்குப் படகு வந்தது. அதில் ஜிம்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடுப்பின் மூலையைத் தாண்டியதும் காற்று இரண்டு பங்காகிவிட்டது என்று படகுக்காரர் சொன்னார். பாறைக்குப் பாதி வழியில் ஜிம்காரரின் பாய் விழுந்தது. எட்டு தடவை இழுத்திருக்கிறார், வரவில்லை. அவருடைய பாயும் அந்தக் கடை நீலம்தான். விழுந்த இடம் தெரியாமல் படகு அரை மணி நேரம் சுற்றியிருக்கிறது. கடைசியில் கண்டுபிடித்தது அவருடைய மொட்டைத் தலையை வைத்துத்தான். மனுஷன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. தம்பி எங்கே என்று அத்தை கேட்கவில்லை. "ஆரஞ்சு?" என்றாள். கடைசியாகப் பார்த்தபோது பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது, இரண்டு தடவை விழுந்து இரண்டு தடவையும் எழுந்தது என்றார் படகுக்காரர். மற்ற நாலு பேரைப் பார்க்க மறுபடி போய்விட்டார்.

அத்தை உள்ளே வந்து அதே ஒட்டை மூன்றாவது தடவையாகப் போட்டாள்.

தடுப்பின் மூலையில் ஆரஞ்சாக ஒரு முக்கோணம் தெரிந்தபோது மணி ஒன்றே கால். முதலில் நான்தான் பார்த்தேன். கத்தவில்லை. "அத்தை, உங்க கைக்குட்டை வருது" என்று மட்டும் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எழுந்து வாசலுக்கு வரவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள், ரப்பர் இணைப்பைக் காதில் வைத்துக் கேட்பாளே, அந்த மாதிரி.

அப்பா கரைக்கு வந்து பலகையை இழுத்துப் போட்டார். மணலில் உட்கார்ந்தார். பாறையைச் சுற்றி வந்தவரைக் கரையில் நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கை குலுக்க வந்தவர்களுக்குக் கையைக் கொடுக்க முடியவில்லை. இரண்டு கையும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஹார்னஸை மாட்டியபடியே கொட்டகைக்கு நடந்து வந்தார்.

கட்டை கிறீச்சிட்டது. அத்தை எண் எதுவும் சொல்லவில்லை.

அப்பா ஹார்னஸின் முதுகுப் பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் நாள் அவர் அதில் வைத்தது எங்கள் வீட்டுத் திருகு மூடி பாட்டில், நான் பார்த்தேன். இது வேறு. மேல்முனையைப் பல்லால் கடித்து இழுத்தால் திறந்துகொள்கிற சைக்கிள்காரர்கள் பாட்டில். முனையில் பல் பதிந்த தடம் இருந்தது. விளையாட்டுக்காகப் பாயை மாற்றுகிறவள் பாட்டிலையும் மாற்றியிருக்க மாட்டாள். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். காலையில் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மீதிப் பாதி பழைய கணக்கு, அது இருக்கட்டும்.

 

அப்பா கொட்டகைக்குப் பின்னால் போனார். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு வாளியையும் நிமிர்த்தினார். குழாயைத் திறந்து, இரண்டையும் நிரப்பி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு நாற்பது தப்படியும் நடந்தார். பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றார். அது விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. நான்தான் காலையிலேயே நிரப்பித் தொலைத்திருந்தேனே. வாளியை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், கீழே வைக்கவும் மனம் வராமல், பரீட்சை முடிந்தபிறகு வந்து சேர்ந்த பையன் மாதிரி நின்றார்.

அத்தை எழுந்து பின்பக்கம் வந்தாள். பீப்பாயைப் பார்த்தாள், தம்பியின் கைகளைப் பார்த்தாள். குனிந்து, அடியிலிருந்த அடைப்பைப் பிடுங்கினாள்.